வரிசையில் நிற்கும் தகவல் தொலையாமல் இருக்க

2022 யூலை 8, வெள்ளிக்கிழமை. றொஜர்ஸ் வலையமைப்பு விழுந்ததால் கனடா முழுவதும் இன்ரறக் டெபிட் அட்டையும் இ-ட்ரான்ஸ்பரும் நின்றுபோயின. மோர்னிங்சைட்டில் கடைக்குப் போன நாங்கள் கையில் காசுத்தாள் இல்லாமல் திரும்பினோம். அன்று வன்பொருள் எதுவும் பழுதாகவில்லை. வலையமைப்பில் செய்த ஒரு மாற்றம்தான் முதன்மை ரவுட்டர்களை முடக்கியது. ஆனால் அனுப்பிய காசு நிற்கும் இயந்திரமே செத்துப்போனால் என்னவாகும்?

நாங்கள் கணக்கெழுதிய ஒரு சிறு பணம் அனுப்பும் நிறுவனத்தில் அதுவும் நடந்தது. பணம் அனுப்பும் கட்டளை நேரே மறுமுனைக்குப் போவதில்லை. 'மெசேஜ் புரோக்கர்' என்ற மென்பொருள் அதை வாங்கி, மறுபக்கம் எடுக்கும்வரை வரிசையில் வைத்திருக்கும். ஊர்த் தபால் கந்தோர் மாதிரி. அங்கே அந்த வரிசை ஒரேயொரு கணினியில் இருந்தது. ஒரு மாலை அதன் வன்தட்டு செத்தது. பற்றுச்சீட்டு வாங்கியவர்களின் பணம் ஊருக்குப் போகவில்லை. ஒரு தாயின் மருந்துச் செலவும் அதற்குள் இருந்தது. அடிக்கட்டைகளை வைத்து இரண்டு இரவு சரிபார்த்தோம்.

பரவலாகப் பாவிக்கப்படும் ரபிட்எம்கியூவில் வரிசையையும் நிலையானதாக அறிவிக்க வேண்டும், தகவலையும் வட்டில் எழுதும்படி குறிக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால், கணினி மீண்டும் எழும்போது வரிசை இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. இரண்டையும் செய்தாலும் வட்டே போனால் பயனில்லை. அதற்குத்தான் 2019இல் 3.8 பதிப்புடன் 'குவோரம்' வரிசை வந்தது. மூன்று கணினிகளில் பிரதி இருக்கும். இரண்டு ஏற்றுக்கொண்ட பிறகே அனுப்பியவருக்கு உறுதிச்சீட்டு போகும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். ஐந்து வைத்தால் இரண்டை இழக்கலாம். சிக்கனம் பார்த்து இரண்டே வைப்பவர்களும் உண்டு. அங்கே ஒன்று போனால் பெரும்பான்மையே இல்லை. பழைய 'மிரர்' வரிசைகளை 2024இல் வந்த 4.0 பதிப்பு நீக்கிவிட்டது.

அப்பாச்சி காஃப்காவும் பிரதிகளையே நம்புகிறது. ஒவ்வொரு தகவலையும் உடனே வட்டில் பதிக்க அது காத்திருப்பதில்லை. ஆகவே மூன்று கணினிகளையும் ஒரே மின்னிணைப்பில் செருகி வைத்தால், மின்சாரம் போகும்போது மூன்றும் சேர்ந்தே விழும்.

இரட்டை வட்டு வட்டுப் பழுதுக்கு மட்டுமே மருந்து. இரவுக் காப்புப்பிரதியோ வரிசைக்கு ஆபத்து என்றே சொல்வோம்: நேற்றைய பிரதியை மீட்டால் ஏற்கெனவே கொடுத்த பணம் திரும்பவும் கட்டளையாக நிற்கும், இன்று வந்தது இராது.

உறுதிச்சீட்டு வரும்வரை அனுப்புபவர் தன் பிரதியை அழிக்கக் கூடாது. எடுப்பவரும் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகே 'பெற்றேன்' என்று அறிவிக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது ஒரே தகவல் சிலவேளை இரண்டு தடவை வரும். கணக்காளருக்கு இது புதிதல்ல: ஒவ்வொரு கட்டளைக்கும் வவுச்சர் போலத் தனி இலக்கம் இட்டு, அதே இலக்கம் மறுபடி வந்தால் பணம் கொடுக்காமல் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.