பரிமாறும் கைக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி

1988 டிசம்பரில், ஜப்பானின் வடக்கே சப்போரோ நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மதிய உணவுக்கு ஸோபா நூடுல்ஸ் போட்டார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைச் சாப்பிட்டான். ஸோபா அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவன் அம்மா பள்ளியில் முன்பே தெரிவித்திருந்தார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றான். தனியாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துபோனான். பள்ளிக்கும் நகராட்சிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று 1992-ல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்களை நாகானோ மாகாணத்துக் குடும்பங்களில் தங்கவைக்கும்போது கூட இருந்து மொழிபெயர்ப்பது என் வேலை. புறப்படுவதற்கு முன் பெற்றோரிடம் பேசும்போதெல்லாம் இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. அந்த அம்மா சொல்லித்தான் இருந்தார் என்பதை அவர்கள் மனதில் பதிய வைப்பதற்காக.

ஸோபா என்பது வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுகிறார்களே, அந்தக் குட்டு மாவு. ஜப்பானில் அதற்கு வயது அதிகம். 722-ல் கென்ஷோ பேரரசி, பஞ்சத்துக்குத் தாக்குப்பிடிக்கும் பயிர்களை விதைக்கச் சொல்லி ஆணையிட்டபோது அந்தப் பட்டியலில் ஸோபாவும் இருந்தது. இரண்டரை மாதத்தில் விளைந்துவிடும். குளிரும் மெலிந்த மண்ணும் அதற்குப் பொருட்டில்லை. நெல் விளையாத நாகானோ மலைச்சரிவுகளில் சோறு போட்டதே இதுதான். சில நூற்றாண்டுகளுக்கு முன், எடோ எனப்படும் காலத்தில், நகரத்துத் தெருக்களுக்கு வந்தது. புது வீட்டுக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்தாருக்கு ஸோபா கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது வழக்கமாயிற்று. டிசம்பர் 31 இரவில் இன்றும் வீட்டுக்கு வீடு ஸோபா உண்டு. மாவு எடுத்தபின் மிஞ்சும் உமியைத் தலையணையில் அடைப்பார்கள். அதாவது இந்த ஒவ்வாமை உள்ள விருந்தாளிக்குத் தட்டில் இருப்பது மட்டுமல்ல, தலைக்கு வைத்துப் படுப்பதும் ஆபத்தாகலாம். உடோன் எனும் கோதுமை நூடுல்ஸைக் கேட்டு வாங்கினாலும், கடைக்காரர் ஸோபா வெந்த தண்ணீரிலேயே அதையும் போட்டு எடுத்துவிட்டால் போச்சு.

ஊரே கொண்டாடும் ஒரு சாப்பாட்டை ஒருவன் வேண்டாம் என்றால், வீம்பு பிடிக்கிறான் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். நம் வீடுகளிலும் ‘கொஞ்சமா சாப்பிடு, பழகிப்போகும்’ என்று சொல்லாத பாட்டி உண்டா? உடம்புக்குள் நடப்பது என்ன என்று தெரியாத வரையில் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. தெரியவைத்தவர்களில் ஒரு ஜப்பானியத் தம்பதி உண்டு. கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்தவர்கள். தங்கள் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை 1966-ல் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனில் ஒரு குழு தனியே அதே முடிவுக்கு வந்தது. 1968-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பெயர் சூட்டியது. வீம்பு என்று சொன்னதை அதன்பின் ரத்தப் பரிசோதனையில் அளந்து காட்ட முடிந்தது. என்னைக் கேட்டால், விருந்தாளியின் கூச்சத்துக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்ததில்லை.

சட்டம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. முட்டை, பால், கோதுமை, ஸோபா, வேர்க்கடலை ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும் என்ற விதி 2001-ல் வந்தது. ஓராண்டு அவகாசத்துக்குப்பின் 2002-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. 2008-ல் இறாலும் நண்டும் சேர்ந்தன. வால்நட் ஒவ்வாமை பெருகியதால் 2023-ல் அதையும் சேர்த்து எட்டாக்கினார்கள். இந்தியாவிலும் 2020-ன் உணவு லேபிள் விதிமுறைகள் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா போன்றவற்றைப் பாக்கெட்டில் குறிப்பிடச் சொல்கின்றன. ஆனால் ஜப்பானின் கட்டாய விதி பாக்கெட்டில் அடைத்து விற்பதற்குத்தான். ஓட்டலுக்கு அது கிடையாது. வீட்டு அடுப்படிக்குள் எந்தச் சட்டமும் வராது.

என் மாணவர்கள் போவதோ அந்த அடுப்படிக்குத்தான். ஊரை விட்டு இளைஞர்கள் போய்விட்ட கிராமங்களில் விவசாயக் குடும்பங்கள் வெளியாரைத் தங்கவைக்கும் ஏற்பாடு 1990-களில் பரவியது. தெற்கே ஓயிதா மாகாணத்தின் அஜிமு அதில் முன்னோடி. நாகானோவில் ஈதா நகரைச் சுற்றியுள்ள கிராமங்கள் சுற்றுலா வரும் பள்ளி மாணவர்களை வீட்டில் தங்கவைத்தே பெயர் எடுத்தவை. பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒவ்வாமைப் படிவம் வந்துவிடும்: என்ன ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் என்ன ஆகும், தொட்டாலே ஆகுமா, மருந்து என்ன, யார் கையில் இருக்கிறது.

ஈரோட்டுப் பையன் ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது. “மேடம், கூச்சப்பட்டுக்கிட்டு எதையாவது வாயில போட்டுக்கப் போறான், நீங்கதான் பாத்துக்கணும்” என்று அவன் அம்மா போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் தங்கிய ஆப்பிள் தோட்டத்து வீட்டில் அன்று கோஹெய் மோச்சி செய்வதாக இருந்தார்கள். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, மீஸோ விழுது தடவித் தணலில் வாட்டுவது. அந்தப் பக்கத்தின் அடையாளப் பலகாரம். விழுதில்தான் சிக்கல். வால்நட், எள், சில வீடுகளில் வேர்க்கடலையும் அரைத்துச் சேர்ப்பார்கள். அந்த வீட்டு அம்மா எங்களை உட்கார வைத்து, சமையலில் போடப்போகும் பாட்டில், பாக்கெட் எல்லாவற்றையும் மேசையில் பின்பக்கம் திருப்பி வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தார், நான் தமிழில் சொன்னேன், பையன் தலையாட்டினான். பிறகு எழுந்துபோய் சுரிபாச்சியை எடுத்துவந்தார். நம் அம்மிபோல அங்கே அரைக்கும் பாத்திரம் அது. உள்ளே சீப்பால் கீறியதுபோல் வரிவரியாய் ஓடும். “இதில் மாமியார் காலத்திலிருந்து கடலை அரைத்திருக்கிறோம். எவ்வளவு தேய்த்தாலும் இந்த வரிக்குள் இருப்பது போகாது” என்று சொல்லி அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிவைத்திருந்ததைக் கழுவினார். எள் மட்டும் அரைபட்டது. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை யாரும் வாசித்துவிடலாம். பழைய பாத்திரத்தின் வரிக்குள் இருப்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும்.

அந்த அம்மா அவ்வளவு கவனமாக இருந்ததற்கு இன்னொரு மரணமும் காரணம். 2012 டிசம்பரில் டோக்கியோ பெருநகரப் பகுதியில் உள்ள சோஃபு நகரத்துப் பள்ளியில், பால் ஒவ்வாமை உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்குச் சீஸ் சேர்க்காமல் தனியாகச் சமைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. அவள் இன்னொரு தடவை கேட்டாள். அது பொதுப் பாத்திரத்திலிருந்து வந்தது. அதில் சீஸ் பொடி இருந்தது. அட்ரினலின் ஊசி அவளிடமே இருந்தும் அதைப் போடத் தாமதமாகிவிட்டது. இதற்குப் பிறகுதான் 2014-ல் ஒவ்வாமை நோய்களுக்கென்று தனிச் சட்டமும், 2015-ல் பள்ளி உணவுக்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன. சப்போரோவிலும் சரி, சோஃபுவிலும் சரி, தகவல் பள்ளியில் இருந்தது. பரிமாறிய கைக்கு, பரிமாறிய அந்த நிமிடத்தில் அது போய்ச் சேரவில்லை.

நம் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ‘மாட்டிறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம், வெங்காயம் பிடிக்காது, வேர்க்கடலை அலர்ஜி’ என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வாசிக்கும் ஜப்பானியக் குடும்பம் நான்கையும் ஒரே தட்டில்தான் நிறுக்கும். மீன் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தாஷி சாறு இல்லாமல் அவர்கள் சமையல் இல்லை. சைவப் பிள்ளையின் சூப்பில் அது தெரியாமல் கலந்துவிட்டால் வருத்தம்தான், மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். வேர்க்கடலை கலந்தால் தீர்த்துக்கொள்ள நேரம் இருக்காது.

ஆகவே பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: பட்டியலை இரண்டு தாளாக எழுதுங்கள். விரதம், வழக்கம், பிடித்தது, பிடிக்காதது ஒரு தாளில். உயிருக்கு ஆபத்தானது மட்டும் இன்னொரு தாளில், என்ன ஆகும், உடனே என்ன செய்ய வேண்டும் என்பதோடு. அந்தத் தாளை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, வீட்டில் சமைப்பவர் கையிலேயே பிள்ளை கொடுக்கட்டும். இரண்டாம் முறை பரிமாறும்போதும் கேட்கட்டும். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பதில்லை. பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். ஊசி பெட்டியில் வேண்டாம், பிள்ளையின் தோள்பையில் இருக்கட்டும். ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு எண் 119.