புத்தர் திருவுருவங்களில் கைகள் கூறும் பொருள்

புத்தர் பெருமான் மறைந்த பின்னர்ச் சில நூற்றாண்டுகள் வரையிலும் அவருக்கு உருவம் சமைக்கும் வழக்கம் இருந்ததில்லை. சாஞ்சியிலும் பார்கூத்திலும் உள்ள பழஞ்சிற்பங்களில் போதிமரமும், வெற்றிருக்கையும், அடிச்சுவடும், அறவாழியுமே அவரைக் குறித்து நின்றன. கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிக் காந்தாரத்திலும் மதுராவிலும் மனித உருவில் அவரை வடிக்கத் தலைப்பட்டனர். உருவம் வந்ததும் ஒரு தேவை பிறந்தது. ஒரே முகம், ஒரே துவராடை. இவற்றைக்கொண்டு அவர் வாழ்வின் எந்த நிகழ்ச்சியைச் சிற்பி காட்டுகிறான் என்பதை அறிவது எங்ஙனம்? அதற்கு விடையாக அமைந்தவையே கைகளின் முத்திரைகள்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அதற்குப் பின் நம் மக்கள் வாழும் பகுதிகளிலும் மன்றங்களிலும் புத்தர் சிலைகள் இடம்பெற்று வருகின்றன. அதற்கும் முன்பே, 1898இல், பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட நம் மக்களின் பழஞ்சமயம் பௌத்தமே என்று வாதிட்டார். ஆகவே இச்சிலைகளைக் கும்பிடுவதோடு நில்லாது, அவற்றைப் படிக்கவும் நம் இளைஞர்கள் கற்றல் வேண்டும்.

நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று கோலங்களிலும் புத்தர் உருவங்கள் உண்டு. இலங்கைப் பொலன்னறுவையின் கல்விகாரையில் ஒரே பாறையில் இம்மூன்றையும் காணலாம். கிடந்த கோலம் உறக்கத்தைக் குறிப்பதன்று. வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையில் தலைவைத்துப் பெருமான் இறுதி எய்திய நிலை அது. அசந்தாவின் 26ஆம் குகையில் அத்தகைய பேருருவம் ஒன்று உண்டு. அதன் அடியில் அழுது நிற்கும் சீடர்களையும் காணலாம்.

இருந்த கோலத்து முத்திரைகளுள் நாம் நின்று நோக்க வேண்டியது நிலந்தொடு முத்திரை. வடநூலார் இதனைப் பூமிஸ்பரிசம் என்பர். இடக்கை மடியில் இருக்க, வலக்கை முழங்காலைக் கடந்து இறங்கி, விரல் நுனி மண்ணைத் தொடும். போதிமரத்தடியில் அமர்ந்தவரை மாரன் மறித்து, "இவ்விருக்கைக்கு நீ உரியவன் என்பதற்குச் சாட்சி யார்?" என்று வினவினான் என்பது கதை. மாரனுக்கோ பின்னால் பெரும்படை. கௌதமருக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இலர். அவர் மண்ணைத் தொட்டார். மண்ணே சாட்சி கூறியது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திற்குப் பட்டாவும் இன்றிச் சாட்சியும் இன்றி அலைந்த நம் மூத்தோர்க்கு இக்கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இரு கைகளும் மார்பருகே கூடி, விரல்கள் வளையமாய் அமைவது அறவாழி முத்திரை. சாரநாத்தில் ஐவருக்கு முதலுரை நிகழ்த்தியதை அது குறிக்கும். சாரநாத்துச் சிலையின் பீடத்தில் அவ்வைவரும் செதுக்கப்பெற்றுள்ளனர். வலக்கையை உயர்த்தி உள்ளங்கையை வெளிப்புறம் காட்டுவது அபயம், 'அஞ்சேல்' என்பது. கீழ்நோக்கித் தாழ்ந்து திறந்த கை வரதம், ஈதலைக் குறிப்பது. அபய முத்திரை நடராசரிடமும் அம்மனிடமும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டுதான். முத்திரை ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தன்று. கையை மட்டும் பார்த்து முடிவு கூறுவது தவறு.

இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உளது. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் செட்டிப்புடவு என்னுமிடத்தில், மடிமேல் கைவைத்துத் தியானத்தில் அமர்ந்த பெரிய உருவம் ஒன்று உண்டு. ஊரார் அதனைச் செட்டியார் என்றனர். புத்தர் என்று கருதுவாரும் உளர். உண்மையில் அது சமணத் தீர்த்தங்கரர் உருவம். மேலே முக்குடை இருப்பதும், உடலில் ஆடை இல்லாமையும் அதனைக் காட்டும். புத்தர் உருவிலோ இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே துவராடையின் விளிம்பு ஓடும். தலையில் சுருள்மயிரும் உச்சியில் ஒரு முகிழும் இருக்கும். தமிழகத்துச் சிற்பிகள் அம்முகிழின்மேல் தீச்சுடர் ஒன்றையும் வைத்தனர்.

அச்சுடரை நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் தெளிவாய்க் காணலாம். இராசராச சோழன் காலத்தில் கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் அங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினான். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. எனினும் 1856 தொடங்கி அவ்வூர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள. பள்ளிச் சுற்றுலா செல்வோர் அங்கே ஒரு மணி நேரமாவது செலவிடுதல் நன்று.

சேலத்தில் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரில் ஓர் உருவம் நெடுங்காலம் வழிபடப்பெற்றது. அது புத்தரே என்று புத்தர் அறக்கட்டளையினர் நீதிமன்றம் சென்றனர். தொல்லியல் துறையினர் நேரில் ஆய்ந்து, தாமரைப் பீடத்தில் அமர்ந்த இருக்கை, மடியில் தியான முத்திரை, சுருள்மயிர், உச்சி முகிழ், நீண்ட காதுமடல் ஆகியவற்றைக் குறித்து, இது புத்தர் உருவமே என்று அறிக்கை தந்தனர். தலை துண்டிக்கப்பட்டுப் பின்னர்ச் சிமெண்டும் சுண்ணமும் கொண்டு ஒட்டப்பட்டிருந்ததையும் அவர்கள் கண்டனர். 2022 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிக்கையை ஏற்று, இது புத்தர் சிலை என்று பலகை வைக்குமாறு ஆணையிட்டது.

ஆத்தூரை அடுத்த தியாகனூரிலும், தஞ்சை, திருவாரூர் வட்டாரங்களில் வயல்களிலும் குளக்கரைகளிலும் இத்தகைய உருவங்கள் பல கிடைத்துள்ளன. நம் பகுதியில் கண்மாய்க் கரையிலோ புதருக்குள்ளோ அமர்ந்த உருவம் ஒன்றைக் காணின், இளைஞர்கள் முதலில் குடை உண்டா என்று பார்க்க. பின்னர் மார்பில் ஆடை விளிம்பைத் தேடுக. அதன்பின் கைகளை நோக்குக. எண்ணெய் பூசுதலும் சிமெண்டு பூசுதலும் கூடா. இருந்த இடத்திலேயே விட்டு, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அக்கடிதத்தின் படி ஒன்றை நம் கழக அலுவலகத்தில் கொடுத்து வைக்க.