வரப்புக்கு இருபுறமும் – 7: நெல்லா, நிலமா?

சென்ற இதழில்: 1952 டிசம்பர் 15 அன்று தனி ஆந்திரம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் வந்தார். கிராமத்தை அலகாக வைத்துக் கோடு கிழிக்கலாம் என்றார். இனி...

கோடு கிழிப்பது படாஸ்கருக்கு எளிதாக இருந்திருக்காது. இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் பேசும் வீட்டுக்கு அடுத்த வீடு தெலுங்கு பேசும். ஒரே தெருவுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு என்று எதை வைத்துச் சொல்வது? 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. அரசியல் தன் கணக்கை ஒருவாறு முடித்துக்கொண்டது.

ஆனால் இதே கேள்வி, இதே வட்டாரத்தில், கோஷமோ கொடியோ இல்லாமல் இன்னொரு இடத்திலும் எழுந்துகொண்டிருந்தது. அது நெற்கழனி.

திருத்தணியில் ரயிலேறிச் சென்னை நோக்கிப் போனால், திருவள்ளூரைத் தாண்டியதும் செவ்வாப்பேட்டை ரோடு வரும். அதன் அருகே இருக்கிறது திரூர். பழைய வேளாண்மைத் துறை ஏடுகளில் திரூர்க்குப்பம். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவரும் ரகங்களுக்கெல்லாம் டி.கே.எம். என்ற முன்னெழுத்து உண்டு. ஸ்ரீராமுலு உயிர்விட்ட அதே 1952-இல் அங்கிருந்து வெளியானது டி.கே.எம். 6. தாய் ஜி.ஈ.பி. 24, தந்தை கோ 18. இந்த ஒட்டுப் பயிர் பின்னாளில் கடல் கடந்து போய்ச் செய்த காரியம் பெரியது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. ஒரு ரகம் மற்ற ரகங்களைவிட மேலானது என்று எந்தத் துணிச்சலில் அறிவிக்கிறார்கள்?

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் போடும் இந்த ஏரிப்பாசன நாட்டில் விவசாயி யாரைக் கேட்டாலும் சிரிப்பார். “அது மதகடிக் கழனிங்க, எதைப் போட்டாலும் விளையும்” என்பார். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவது எப்போதோ. அங்கே எதைப் போட்டாலும் சோடைதான். அப்படியென்றால் விளைந்தது நெல்லின் குணத்தாலா, நிலத்தின் குணத்தாலா?

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. நான்கு ரகங்கள். ஒவ்வொன்றுக்கும் மதகடியில் ஒரு பாத்தி, நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று. அறுவடை, கிலோவில்:

மதகடி: 25, 25, 25, 29
நடு: 19, 22, 22, 25
கடைமடை: 16, 16, 19, 21

ரகவாரியாகச் சராசரி 20, 21, 22, 25. நான்காவது ரகம் முந்துகிறது. ஆனால் பாருங்கள்: கடைசி ரகத்துக்கும் முதல் ரகத்துக்கும் இடையே 5 கிலோ வேறுபாடு. முதல் ரகத்துக்குள்ளேயே, மதகடியிலிருந்து கடைமடைக்குப் போவதற்குள், 9 கிலோ வேறுபாடு!

தெருவுக்குள் இருக்கும் வேறுபாடு எல்லைகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது. நான்காவது ரகத்துக்குப் பரிசு கொடுக்கலாமா?

இந்த முடிச்சை அவிழ்த்தவரைத் தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட். 1843 முதல் ஒரே வயலில் ஆண்டுதோறும் கோதுமை விதைத்து, எந்த எரு என்ன செய்கிறது என்று எழுதிவைத்துவந்த பண்ணை. ஏடுகள் மலைபோல் குவிந்துவிட்டன. படித்துச் சொல்ல ஆளில்லை. 1919-இல் அதன் இயக்குநர் ஜான் ரஸ்ஸல் ஓர் இளைஞரை அழைத்துவந்தார். பெயர் ரொனால்ட் ஃபிஷர். 29 வயது, கிட்டப்பார்வை, முன்கோபம்.

1923-இல் ஃபிஷரும் உதவியாளர் வினிஃப்ரெட் மெக்கன்சியும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 12 உருளைக்கிழங்கு ரகங்கள், 6 வகை எருவிடல். ரகத்துக்கு ரகம் எருவுக்கு விளையும் விதம் மாறுமா என்பது கேள்வி. அவர்கள் செய்தது இதுதான். எல்லாப் பாத்திகளின் மொத்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு பாத்தியும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். விலகலை அப்படியே கூட்டினால் கூட்டலும் கழித்தலும் அடித்துக்கொண்டு சுழியாகிவிடும். அதனால் வர்க்கப்படுத்திக் கூட்டினார்கள். பிறகு அந்தக் கூட்டுத்தொகையைப் பாகம் பிரித்தார்கள். இது ரகத்தின் பங்கு. இது எருவின் பங்கு. யாருக்கும் சேராத மிச்சம், அது பிழையின் பங்கு. அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிப்பதுபோலத்தான். ஆனால் இங்கே பங்குகளைக் கூட்டினால் மொத்தத்தோடு காலணா குறையாமல் பொருந்தும். அதுதான் வர்க்கத்தின் மகிமை. மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஆராய்ச்சி மாணவர்கள் வாயில் ‘அனோவா’, பிறந்தது இப்படித்தான்.

பிறந்த குழந்தைக்குக் குறை இருந்தது. அந்த வயலில் எருப் பாத்திகள் ரகப் பாத்திகளுக்குள் அடங்கியிருந்தன. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பிழை கணக்கிட வேண்டும். ஃபிஷர் எல்லாவற்றையும் ஒரே பிழையால் அளந்துவிட்டார். 1925-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கணக்கைத் திருத்தினார். அதோடு இரண்டு கட்டளைகளையும் சேர்த்தார். நிலத்தை முதலில் குணம் ஒத்த தொகுதிகளாகப் பிரி. தொகுதிக்குள் எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்.

நம் நாட்டில் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டவர்களில் ஒருவர் வேளாண் அறிஞர் அல்லர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி இயற்பியல் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். வயல் சோதனைகளில் எவ்வளவு பிழை நுழையும் என்று அவர் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவே அவரை ஃபிஷரிடம் கொண்டு சேர்த்தது. 1926-இல் ரோதம்ஸ்டெட் போய் அவரைச் சந்தித்தார். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கினார்.

ஃபிஷரின் முறையில் ஒரு தலைவலி இருந்தது. ரகத்தின் மாறுபாட்டைப் பிழையின் மாறுபாட்டோடு ஒப்பிட, அவர் மடக்கைக்குள் போய் ‘இசட்’ என்ற எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பண்ணையில் வேலை செய்பவருக்கு மடக்கைப் புத்தகம் எதற்கு? ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதுமே! மகலனோபிஸ் 1932-இல் இந்திய வேளாண் அறிவியல் இதழில் அதற்கான துணை அட்டவணைகளை வெளியிட்டார். அமெரிக்காவின் ஸ்னெடெகர் அந்த விகிதத்துக்கு ஃபிஷரின் நினைவாக ‘எஃப்’ என்று பெயரிட்டது 1934-இல்தான்.

அந்த எஃப் கருவியோடு நம் கழனிக்குத் திரும்புவோம்.

பன்னிரண்டு பாத்திகளின் மொத்த மாறுபாடு 176. அதில் ரகத்தின் பங்கு 42. மிச்சம் 134. நான்கு ரகம் என்பதால் 42-ஐ 3-ஆல் வகுக்கிறோம்: 14. மிச்சத்தை 8-ஆல் வகுக்கிறோம்: 16.75. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எஃப் 0.84. வேறுபாடு உண்டு என்று சொல்ல அட்டவணை கேட்பது குறைந்தது 4.07. ரகங்களுக்குள் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. நான்காவது ரகத்துக்குப் பரிசு கிடையாது. வழக்கு தள்ளுபடி.

ஒரு நிமிஷம்.

மதகடி, நடு, கடைமடை என்று விதைக்கும் முன்பே பிரித்திருந்தோமே, அந்தப் பங்கை யார் கேட்பது? 134-இல் அதற்குரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் 128! பிழை என்று நாம் ஒதுக்கிவைத்ததில் பெரும்பகுதி பிழையே அல்ல, ஏரித் தண்ணீர். உண்மையான மிச்சம் வெறும் 6. அதை 6-ஆல் வகுத்தால் 1. இப்போது எஃப் 14 ஆகிறது. அட்டவணை கேட்பது 4.76.

அதே பன்னிரண்டு எண்கள். முதல் தீர்ப்பு தள்ளுபடி. இரண்டாம் தீர்ப்பு வெற்றி.

இதில் தந்திரம் ஏதும் இல்லை, ஒரு நிபந்தனை உண்டு. தொகுதியை விதைக்கும் முன் பிரித்திருக்க வேண்டும். அறுவடையைப் பார்த்த பிறகு வசதிப்படி வரப்புப் போட்டால் அது ஆராய்ச்சி ஆகாது. குழுக்கள் வேறுபடுகின்றன என்று சொல்ல வருகிறவர், ஒவ்வொரு குழுவும் தனக்குள் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும், அதில் எவ்வளவுக்குக் காரணம் தெரியும் என்பதையும் முதலில் சொல்லியாக வேண்டும். நெல் ரகமானாலும் மருந்தானாலும் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணானாலும் இதுதான் விதி.

சரி, எஃப் ஜெயித்துவிட்டது. கொண்டாடலாமா?

முடியாது. எஃப் சொன்னது இவ்வளவுதான்: நான்கும் ஒன்றல்ல. எது எதிலிருந்து வேறு என்று அது வாய் திறக்கவில்லை. நான்கு ரகத்தில் ஆறு ஜோடி. ஜோடிக்கு ஜோடி தனிச் சோதனை வைத்து, ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு பொய்க்கு இடம் கொடுத்தால்? அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் எங்காவது ஒரு பொய்யாவது நுழைந்துவிடும் வாய்ப்பு 26 விழுக்காட்டைத் தாண்டும்.

நம் வேளாண் கல்லூரிகளில் இதற்கு வைத்திருக்கும் அளவுகோலின் பெயர் சி.டி., அதாவது ‘கிரிட்டிகல் டிஃபரன்ஸ்’. இரண்டு சராசரிகளின் இடைவெளி சி.டி.யைத் தாண்டினால் வேறு ரகம், தாண்டாவிட்டால் ஒன்றே. நம் கழனிக்குக் கணக்குப் போட்டால் சி.டி. 1.998 கிலோ. முதல் ரகம் 20, மூன்றாம் ரகம் 22. இடைவெளி 2.

தாண்டிவிட்டது! இரண்டே கிராமில். ஏறக்குறைய நூறு நெல்மணி எடை, அவ்வளவுதான்.

அந்த நூறு மணியை நம்பி ஒரு ரகத்தை விலக்கலாமா? சராசரிகளை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதன் ஆபத்தை 1949-இல் எழுத்தில் வைத்தார் அமெரிக்கர் ஜான் டூகி. அவர் பெயரால் வழங்கும் அளவுகோலோ 1.998 போதாது, 2.83 வேண்டும் என்கிறது. அதன்படி முதல் ரகமும் மூன்றாம் ரகமும் வேறு என்று சொல்ல முடியாது.

ஒரே கழனி, ஒரே அறுவடை, இரண்டு தீர்ப்பு. எந்த விதையை மூட்டை கட்டி விவசாயிக்கு அனுப்புவது? இன்னொன்று: டி.கே.எம். 6-ஐ பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் வரை கொண்டுபோன குணம் விளைச்சல் அட்டவணையின் எந்த நிரலிலும் இல்லாத ஒன்று. அது என்ன?

(தொடரும்)