கிண்டிப் பொறியியற் கல்லூரியின் முதல் மாணவியர்: இசைவும் உரிமையும்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதே நகரின் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் முதல் மாணவி சேர்ந்ததோ 1940இல்தான். இந்த 65 ஆண்டு இடைவெளிக்குக் காரணம் உண்டு. ஆண் மருத்துவரை நாடத் தயங்கிய பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் வாதம் மருத்துவக் கல்விக்கு வழி திறந்தது. பாலத்துக்கும் மின்தடத்துக்கும் அத்தகைய வாதம் எதுவும் இல்லை. ஆகவே, பொறியியலில் பெண்களின் நுழைவு சமூகத் தேவையாக அன்றி, தனியொருவருக்கு அளிக்கப்பட்ட இசைவாகவே தொடங்கியது.

அந்த இசைவைப் பெற்றவர் அ. லலிதா. சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் 1919இல் பிறந்த அவர், 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியற் பேராசிரியர். அவரது முயற்சியால் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமும் இணங்கினர். அடுத்த ஆண்டு பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டுமானப் பொறியியலில் சேர்ந்தனர். உலகப்போரினால் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால், மூவரும் ஒருசேரத் தேறினர். லலிதாவின் பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆங்கில ஆண்பாற் சொல் அடிக்கப்பட்டு, பெண்பாற் சொல் கையால் எழுதப்பட்டது. கல்லூரி பெண்களைச் சேர்த்தபோதும், அச்சுப்படிவம் ஆண்களுக்கு உரியதாகவே இருந்தது.

பட்டத்துக்குப் பின் லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். சிம்லாவில் அரசுப் பணியாற்றினார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்துத் தடங்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். கல்கத்தாவில் உடன்பிறந்தாரின் குடும்பம் இருந்ததே இவ்வளவு காலம் அவர் பணியில் நிலைக்கத் துணைசெய்தது. திரேசியா 1971இல் கேரள அரசின் தலைமைப் பொறியாளரானார்.

இவ்வரலாறு பெரும்பாலும் மன உறுதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. உறுதி மெய்யானதே. எனினும், பேராசிரியராகிய தந்தையும், குழந்தையைப் பேண உறவினரும் வாய்க்காத பெண்களுக்கு அவ்வழி திறந்திருந்ததாகக் கொள்ள இயலாது. முதல்வர்களின் பெயர்களைப் பதிவுசெய்யும் வரலாறு, அவர்களைத் தாங்கிய ஏற்பாடுகளையும் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வேற்பாடுகள் குடும்பத்தின் கொடையாக இருக்கும்வரை, பெண்ணின் தொழில்வாழ்வு இசைவாகவே நிற்கும்; நிறுவனத்தின் கடமையாகும்போதே அது உரிமையாகும்.