தவறில்லாதவர் கோரும் இழப்பீடு: காக்களூர்ச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஓரமாக நிறுத்திய கார் மீது, சரக்கை இறக்கிவிட்டு ரிவர்ஸ் வரும் லாரி இடித்துவிடுகிறது என்று கொள்வோம். ஆளுக்குக் காயமில்லை, பம்பரும் டிக்கியும் நசுங்கின. தவறு லாரி மீது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கார்க்காரர் பெரும்பாலும் தம் சொந்த பாலிசியில்தான் கிளெய்ம் போடுகிறார். அதனால் அவருக்கு நேரும் இழப்பையும், சட்டம் திறந்து வைத்துள்ள மற்றொரு வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொந்த பாலிசி

'ஓன் டேமேஜ்' பிரிவில் தவறு யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. வேலை சீக்கிரம் முடிவதும் அதனால்தான், கார்க்காரருக்கு அநியாயம் நேர்வதும் அதனால்தான். கார் நான்கு ஆண்டு ஓடியது, 1,500 சிசிக்கு உட்பட்டது என்போம். 'ஜீரோ டெப்' எடுக்காதவருக்கு பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழியும். பம்பர் 12,000 ரூபாய் என்றால் 6,000 அவர் கையிலிருந்து போகும். கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் தனி. நான்கு ஆண்டுகள் கிளெய்ம் போடாமல் சேர்த்த 45 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸும், தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தாலொழிய, அடுத்த புதுப்பித்தலில் கிடைக்காது. பிறர் தவறு என்று ஆவணம் சொல்லும்போதும் போனஸைப் பறிப்பது திருத்தப்பட வேண்டிய விதி.

கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், 1.9.2018 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அந்த பாலிசி இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று நம்பி, ஓராண்டில் முடிந்த ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த பிரிவில் சொல்லும் வழி ஒன்றே மிச்சம்.

3. லாரியின் பாலிசி

மோட்டார் வாகனங்கள் சட்டம், 1988இன் 165, 166ஆம் பிரிவுகளின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு சொத்துச் சேதத்தையும் விசாரிக்கும். காயமில்லாத விபத்துக்கு அங்கே இடமில்லை என்ற பரவலான எண்ணம் தவறு. வழக்கமான லாரி பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருக்கும். பாலிசி காலாவதியாகியிருந்தால் உரிமையாளரே பொறுப்பு.

இப்பகுதிக்கு மிகவும் பயன்படுவது 166(2). கும்மிடிப்பூண்டி வழியே தேசிய நெடுஞ்சாலை 16இல் வரும் லாரிகளில் ஆந்திரப் பதிவு எண் கொண்டவை பல. அதற்காக நெல்லூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ தாம் வசிக்கும் இடத்திலோ மனு போடலாம். 1.4.2022 முதல் இதற்கு ஆறு மாதக் கெடு உண்டு. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும் தாமதிப்பது ஆபத்து. ஒரே சேதத்துக்கு இரு இடத்திலும் பணம் பெற முடியாது. ஆகவே எந்த வழி என்பதை முதலிலேயே கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

4. சான்று

வண்டிகளை நகர்த்தும் முன் நம்பர் பிளேட் தெரியப் படம் எடுக்க வேண்டும். எம்-பரிவாஹன் செயலியில் லாரியின் எண்ணைப் போட்டால் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று தெரியும். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்தாமல், முதல் தகவல் அறிக்கை பதியும்படி எழுத்தில் கேட்பது நல்லது. சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேரைத் தொடங்கக் கூடாது. கம்பெனி கேட்டிலுள்ள சிசிடிவி பதிவு சில நாள்களில் அழிந்துவிடும். அன்றே நகல் கேட்க வேண்டும். இரண்டாயிரம் மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தச் சீட்டே பிறகு லாரித் தரப்பின் முதல் சான்றாகிவிடும்.