கொள்ளுத்தாத்தா கேட்டதும் கொள்ளுப்பேரன் செய்ததும்

"தப்பே செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "தப்பு செய்தவனுக்கு வக்கீல் ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் உலகத்தில் ஒருவருக்கும் வக்கீல் வேண்டியதில்லை என்று ஆகிவிடும். பிரெஞ்சு ராஜ்யம் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அந்தக் கதையை இன்று எழுதலாம் என்று தோன்றியது.

பிரெஞ்சில் வக்கீலுக்கு 'அவொக்கா' என்று பெயர். லத்தீன் வேரைப் பார்த்தால், 'துணைக்கு அழைக்கப்பட்டவர்' என்று பொருள். ஆனால் 1670-ஆம் ஆண்டு பதினான்காம் லூயி கொண்டுவந்த குற்றவியல் சட்டம் அந்தத் துணையைத் தடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஆலோசகர் இருக்கக் கூடாது என்றது அது. விசாரணையும் மூடிய கதவுக்குள்தான். பண மோசடி போன்ற சில வழக்குகளுக்கு மட்டும், அதுவும் முதல் விசாரணை முடிந்த பிறகு, விலக்கு உண்டு. ஆக, கணக்கில் கோளாறு என்றால் வக்கீல் கிடைக்கலாம். கழுத்து போகும் வழக்கு என்றால் கிடையாது.

இந்தச் சட்டத்தை வகுத்த கூட்டங்களிலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. அமைச்சர் கொல்பேரின் மாமா புஸோர், வக்கீல்கள் வந்தால் வழக்கைச் சிக்கலாக்கி இழுத்தடிப்பார்கள், குற்றவாளி தப்பிவிடுவான் என்றார். பாரிஸ் உயர்மன்றத்தின் தலைவர் கியோம் தெ லாமுவாஞோன் அதை எதிர்த்தார். துணை தேடிக்கொள்ளும் உரிமை அரசன் கொடுக்கும் சலுகை அல்ல, மனிதர் போட்ட சட்டங்களுக்கெல்லாம் முந்தியது என்பது அவர் வாதம். புஸோர்தான் ஜெயித்தார். அதற்குப் பிறகு நூற்றுப் பத்தொன்பது வருஷம் அதுவே சட்டம்.

அந்தச் சட்டத்தின் கை புதுச்சேரி வரைக்கும் நீண்டது. இங்கே பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அவர் நெருங்கிய உறவு. 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றச்சாட்டு. கோட்டைக்குள் விசாரணை, அவருக்காகப் பேச வக்கீல் இல்லை. அவர் தாய்மொழி தமிழ், வழக்கின் காகிதங்களோ பிரெஞ்சில். கடைத்தெருவில் வைத்து 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, பிறகு நாடு கடத்தல், சொத்து பறிமுதல் என்று தீர்ப்பு. 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார். பின்னால் மகன் குருவப்பர் கப்பலேறி பிரான்சுக்கே போனார். தீர்ப்பும் ரத்தானது. செத்தவருக்கு நியாயம் கிடைத்தது என்று எழுதலாம்; அவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

1789-இல் புரட்சி வந்தது. அந்த அக்டோபரிலேயே தேசிய சபை பழைய விதியைத் தூக்கி எறிந்து, குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் வக்கீல் உண்டு என்று அறிவித்தது. மூன்று வருஷத்தில் அந்த உரிமையைக் கேட்டு நின்ற ஆள் யார் தெரியுமா? பதினாறாம் லூயி மன்னர்தான்.

பள்ளியில் எங்களுக்கு பிரெஞ்சு வரலாற்றுப் பாடத்தில் கில்லட்டினைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். மன்னர் வக்கீல் தேடிய கதையை நானாகத்தான் பிற்பாடு படித்தேன்.

1792 டிசம்பர் 11-ஆம் தேதி அவரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அவர் வக்கீல் கேட்டார்; மறுநாள் அனுமதி கிடைத்தது. தார்ஜே, திரோன்ஷே என்று அன்றைக்குப் பேர்போன இரண்டு சட்ட அறிஞர்களின் பெயரைச் சொன்னார். தார்ஜே உடம்பு சரியில்லை என்று கடிதம் எழுதி ஒதுங்கிக்கொண்டார். அறுபத்தாறு வயது திரோன்ஷே ஒப்புக்கொண்டார். அப்போது யாரும் கூப்பிடாமலே இன்னொரு கிழவர் முன்வந்தார். மால்செர்ப். எழுபத்தொரு வயது. மன்னரிடம் முன்பு அமைச்சராக இருந்தவர். எல்லோரும் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்ட காலத்தில் அவர் என்னை இரண்டு முறை அழைத்தார், அவருக்காகப் பேசுவது ஆபத்து என்று பலரும் நினைக்கிற இந்த நேரத்தில் அதே சேவையை நான் செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற பொருளில் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த மால்செர்ப் வேறு யாருமல்ல. 1670-இல் தோற்றுப்போன லாமுவாஞோனின் கொள்ளுப்பேரன்.

வேலை அதிகம், நாள் குறைவு என்பதால் தெ சேஸ் என்ற இளைய வக்கீலையும் சேர்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 26-இல் அவர்தான் வாதாடினார். உங்களில் நீதிபதிகளைத் தேடுகிறேன், குற்றம் சாட்டுபவர்கள்தான் தென்படுகிறார்கள் என்று அந்தச் சபைக்கு நேராகவே சொன்னார். பலன் இல்லை. 1793 ஜனவரி 21-இல் மன்னர் தலை உருண்டது.

மன்னர் நிரபராதியா என்பது வேறு கேள்வி. அந்நிய சேனைகளின் உதவியை அவர் நாடியது உண்மை. ஆனால் அந்த வாதத்தை இன்றைக்கும் நாம் படிக்க முடிகிறது. இரண்டு பக்கத்தையும் வைத்து நாமே எடை போட முடிகிறது. வக்கீல் தோற்றாலும் விட்டுப்போவது அதைத்தான்.

அடுத்து நடந்தது கொடுமை. மால்செர்ப்பையும் பிடித்தார்கள். 1794 ஏப்ரலில் மகள், பேத்தி, பேத்தியின் கணவர் எல்லோரோடும் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். ஜூன் 10-இல் புதுச் சட்டம் வந்தது: சதிகாரர்களுக்கு வக்கீல் கிடையாது. அவன் சதிகாரனா இல்லையா என்று தீர்மானிக்கத்தானே விசாரணை என்று யாரும் கேட்கவில்லை. ஏழே வாரத்தில் பாரிசில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சட்டத்துக்குத் துணை நின்ற ரொபெஸ்பியேர் தொழிலால் வக்கீல். ஜூலை 28-இல் அவர் முறை வந்தது. ஆளை அடையாளம் காட்டினார்கள், அவ்வளவுதான். விசாரணையே இல்லாமல் கொன்றார்கள்.

தப்பிப் பிழைத்த திரோன்ஷே, பின்னால் நெப்போலியனின் சிவில் சட்டத்தை எழுதிய நால்வரில் ஒருவரானார். புதுச்சேரியில் சில குடும்பங்களின் சொத்து விவகாரங்களில் இன்றும் அடிபடும் அந்த 'கோத் சிவில்' இதுதான். 1808-இல் வந்த குற்ற விசாரணைச் சட்டம், பெரிய வழக்குகளில் வக்கீல் வைத்துக்கொள்ளாதவருக்கு நீதிபதியே ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. முதற்கட்ட விசாரணை அறைக்குள் வக்கீல் நுழைய 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும். கைதியை முதல்முறை ஆஜர்படுத்தும்போதே மாஜிஸ்திரேட் இந்த உரிமையை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வந்தது கசாப் வழக்கில். அதற்கு முன்பே 2010-இல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆகவே வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு கஷ்டம் வந்தால், "நம்ம பையன் தப்பு செய்யலை, எதுக்கு வக்கீல்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தக் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்திப் பழகிய ஒருவரை அன்றைக்கே பாருங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். ஃபீஸ் எவ்வளவு, எது வரைக்கும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். கையில் காசு இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வக்கீல் தருவார்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ராஜாவே கேட்டுத்தான் வாங்கினார்.