அங்கவடியின் வரலாறு

குதிரையேறி அறியாத நமக்குக் குதிரைச் சேணத்தின் இருமருங்கும் தொங்கும் இரும்பு வளையத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பந்தயத் திடலிலன்றிக் குதிரையைக் காணும் வாய்ப்பு நம்மிற் பலருக்குக் கிட்டாதது மெய்யே. ஆயினும், அங்கவடி எனப்படும் அச்சிறு வளையத்தின் சரித்திரத்தை நோக்குவோமாயின், மனிதன் தன் அறிவைக் கொண்டு தன் துன்பத்தை எவ்வாறு படிப்படியாகக் குறைத்துக் கொண்டான் என்பது விளங்கும். மனிதர் செய்த அநீதிக்குக் கருவியின்மேற் பழிசுமத்தும் வழக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பதும் உடன் விளங்கும்.

அலெக்சாந்தரின் குதிரைப்படைக்கு அங்கவடி இல்லை. ரோமாபுரியின் குதிரைவீரருக்கும் அது இல்லை. கால்களாற் குதிரையின் விலாவை இறுகப் பற்றிக்கொண்டே அவர்கள் சவாரி செய்தார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டிற் குதிரையேற்றத்தைப் பற்றி நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், ஈட்டியைத் துணையாக ஊன்றித் தாவி ஏறும் முறையைக் கற்பிக்கிறார். அவ்வாறு தாவுவது எளிதன்று. பாரசீகப் பேரரசன் காம்பைசிஸ் கி.மு. 522-இல் குதிரைமேற் பாய்ந்து ஏறுகையில், வாளுறையின் முனை கழன்று விழ, வாள் அவன் தொடையிற் பாய்ந்தது என்றும், அப்புண்ணே அவன் உயிரைக் குடித்தது என்றும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பேரரசனாயினும் கால் வைத்தேறப் படியின்றித் தவித்த காலம் அது.

இக்குறையை நீக்கும் முயற்சியின் பழைய அடையாளம் ஒன்று இந்தியாவிலே கிடைக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட சாஞ்சி முதலிய இடங்களின் சிற்பங்களில், கயிற்று வளையத்திற் காலை நுழைத்த குதிரைவீரரைக் காணலாம். வெறுங்காலோடு ஏறுவோர்க்கு அது சிறிது உதவியிருக்கலாம். ஆனால் உடலின் பாரம் முழுவதையும் தாங்கவல்ல உறுதி கயிற்றுக்கு இல்லை. குளிர் தேசத்திற் பாதரட்சை அணிந்தவனுக்கு அது பயன்படுவதும் அரிது.

அடுத்த படியைச் சீன தேசத்திற் காண்கிறோம். சாங்ஷா நகரில் கி.பி. 302-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையொன்றிற் கிடைத்த மட்பாண்டக் குதிரைப் பொம்மைகளில், சேணத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு வளையம் தொங்குகிறது. வீரனது கால் அதனுள் இல்லை. எனவே அது ஏறுவதற்கு மட்டுமே உதவிய படி எனக் கருதுகிறார்கள். ஏறியபின் அதே வளையத்திற் காலை ஊன்றியிருந்தால் என்ன என்ற எண்ணம் பின்னர் யாருக்கோ உதித்தது. நான்கிங் நகரையடுத்து, 322-ஆம் ஆண்டை ஒட்டிய கல்லறையிற் கிடைத்த பொம்மையில் அங்கவடி இருபுறமும் காணப்படுகிறது. 415-இல் இறந்த பெங் சுபு என்ற பிரபுவின் கல்லறையிலிருந்து, முசுக்கொட்டை மரத்தாற் செய்து பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்த இரு அங்கவடிகளையே எடுத்திருக்கிறார்கள். பிரபுவின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த மரத்தை வளைத்துச் செதுக்கிய தொழிலாளியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆவார் என்ற குதிரை மக்கள் 6-ஆம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவிற் குடியேறியபோது, இரும்பு அங்கவடியும் அவர்களோடு அங்கே சென்றது. 600-ஆம் ஆண்டையொட்டி எழுந்த பைசாந்தியப் போர்நூல், ஒவ்வொரு சேணத்திலும் இரண்டு இரும்பு அங்கவடிகள் வேண்டும் என விதிக்கிறது. அராபியரிடையே முதலில் மரத்தாலான அங்கவடிகளே வழங்கின என்றும், போரின் நடுவே அவை முறிந்து வீரர் நிலைகுலைவதைக் கண்ட அல்-முஹல்லப் என்ற தளபதி அவற்றை இரும்பினாற் செய்யக் கட்டளையிட்டார் என்றும், 9-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் அல்-முபர்ரத் கூறுகிறார். முறிந்ததைக் கண்டார்கள்; காரணத்தை ஆராய்ந்தார்கள்; திருத்தினார்கள். விதி என்று சொல்லி வாளாவிருக்கவில்லை.

இனி, அங்கவடியின்மேற் சுமத்தப்பட்ட பெரும்பழியொன்றை நோக்குவோம். அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் லின் வைட், 1962-இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவ முறைக்கே அங்கவடிதான் வித்து என்று வாதித்தார். அங்கவடியில் ஊன்றி நின்ற வீரன், குதிரையின் வேகம் முழுவதையும் ஈட்டி முனையிற் செலுத்த முடிந்தது. அத்தகைய வீரரைப் போற்றிவைக்கப் பெரும்பொருள் தேவைப்பட்டது. அதன்பொருட்டுப் பிராங்கிய மன்னர் அவர்கட்கு நிலத்தை வழங்கினர். அதனின்று பிரபு வர்க்கம் முளைத்தது என்பது அவர் கூற்று.

கேட்பதற்கு இது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மறு ஆண்டே ஸாயர், ஹில்டன் என்ற இரு ஆங்கில ஆசிரியர்கள் இதனை வன்மையாகக் கண்டித்தார்கள். 8-ஆம் நூற்றாண்டுப் பிராங்கியர் கல்லறைகளில் அங்கவடி கிடைப்பது மிக அரிது. சீனரிடமும் அராபியரிடமும் அங்கவடி இருந்தும், ஐரோப்பாவில் விளைந்தது அங்கே அவ்வாறே விளையவில்லை. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நின்ற ஆங்கிலேயர் அங்கவடியை அறிந்தவர்களே. எனினும் அவர்கள் தரையில் நின்றே போர் செய்தார்கள். உழுபவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டை இரும்பு வளையம் செய்யவில்லை. நிலத்தைப் பங்கிட்டவர்களும் சட்டத்தை வகுத்தவர்களும் மனிதர்கள். மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதரே மாற்றலாம். கருவியே எல்லாவற்றையும் செய்தது என்று நம்பிவிட்டால், மாற்றும் முயற்சிக்கே இடமிராது.

காலைத் தாங்கும் கருவியாக வளர்ந்த அங்கவடி, புதியதோர் அபாயத்தையும் உடன் கொணர்ந்தது. விழும்போது கால் அதிற் சிக்கிக்கொண்டால், வெருண்டோடும் குதிரை அவனைத் தரையோடு இழுத்துச் செல்லும். ஆகலின், பிடிப்பது எத்துணை முக்கியமோ, தக்க சமயத்தில் விடுவதும் அத்துணை முக்கியம் என்பதை அனுபவம் கற்பித்தது. பல சேணங்களில் அங்கவடியின் வார் மாட்டும் இரும்பை, பின்னோக்கி இழுபட்டால் வார் கழன்றுவிடும்படி அமைத்தார்கள். மற்றொரு வகையில், வளையத்தின் வெளிப்புறக் கம்பியை நீக்கி ரப்பர் பட்டையை மாட்டினார்கள். கால் அழுத்தினால் அது கழன்று கொள்ளும். தோட்டத்து அன்பர்கள் மரத்திலிருந்து வடிக்கும் பாலும் இவ்வாறு எங்கோ ஓர் உயிரைக் காக்கிறது.

நாள்தோறும் சவாரி செய்வோர் இன்றும் கைக்கொள்ளும் விதிகள் எளியவை. அங்கவடியின் அகலம் பாதரட்சையின் அகலத்தைவிட ஏறத்தாழ ஓரங்குலம் மிகுந்திருக்க வேண்டும். குறுகினால் கால் சிக்கும். மிக அகன்றால் பாதம் முழுவதும் உள்ளே நழுவிவிடும். பாதரட்சைக்குச் சற்று உயர்ந்த குதிகால் வேண்டுவதும் இதன்பொருட்டே. கைவிரல் நுனியை வார் மாட்டும் இடத்தில் வைத்து நீட்டினால், அங்கவடி அக்குளை எட்டுவது பொதுவான நீளத்திற்கு அளவு. தடைதாண்டும் போட்டியில் வாரைக் குறுக்குவார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி காப்ரில்லி (1868–1907) பரப்பிய முறையிலிருந்து வந்த வழக்கம் அது. பந்தயச் சவாரிக்காரர் அதனினும் குறுக்குவார்கள். அமெரிக்கரான டாட் ஸ்லோன் 1897-இல் இங்கிலாந்தில் அவ்வாறு குனிந்து சவாரி செய்தபோது, குரங்கைப்போல் இருக்கிறான் என்று நகைத்தவர்கள், அவர் வெற்றிகளைக் கண்டபின் தாமும் அம்முறையையே பின்பற்றினார்கள். சர்வதேசத் தடைதாண்டும் போட்டி விதிகளோ, அங்கவடியும் வாரும் எவ்விதக் கட்டுமின்றித் தாராளமாகத் தொங்க வேண்டும் என்கின்றன. வெற்றிக்காகக் காலைக் கட்டிக்கொள்ள எவருக்கும் அனுமதியில்லை.

கயிற்றிலிருந்து மரம், மரத்திலிருந்து இரும்பு, இரும்போடு ரப்பர் என, ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் விழுந்திருக்கிறார். யாரோ ஒருவர் சிந்தித்திருக்கிறார். முன்னோர் ஏறியவாறே ஏறுவோம் என்றிருந்தால், நாம் இன்றும் ஈட்டியை ஊன்றியே தாவிக்கொண்டிருப்போம். அன்பர்களே, வாழ்க்கையில் நம்மைத் தாங்குவதாகக் கூறும் வழக்கம் எதனையும் இந்த அங்கவடியைச் சோதிப்பதுபோலவே சோதித்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்க அது உதவுகிறதா? விழுங்காலத்தில் விடுவிக்கிறதா, அன்றி இழுத்துச் செல்கிறதா? இழுத்துச் செல்லுமாயின், அதைத் திருத்தும் பொறுப்பு நம்முடையதே.